கூழ்ப்பானை மூடிமேல் இருந்த சுருள்

முதல் நாள்: காரை

தமிழின் பெயரைச் சுமக்கும் ஓர் அம்மோனைட் உண்டு, கல்லாகிப்போன ஒரு கடல் பிராணியின் சுருள் ஓடு. பிளாசென்டிசெராஸ் தமுலிக்கம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் வைத்த பெயர். திருச்சிராப்பள்ளிச் சீமையின் பாறைகளில் கிடைத்த சுருள் அது. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு தடவையாவது அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதுகிற எனக்கு இந்த ஆசை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை. ஐந்து நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

காலையில் திருச்சியில் பெரம்பலூர் பேருந்தைப் பிடித்து, பாடாலூரில் இறங்கினேன். தம்பி பைக்கோடு நின்றிருந்தார். உடன்பிறந்த தம்பி இல்லை. தொல்லுயிரியல் படிக்கும் ஆய்வு மாணவர். தோழி ஒருத்தியின் வழியாகப் பழக்கம். "பேரைப் போடாதீங்க அக்கா, கைடு படிச்சார்னா எனக்கு வேலை நிறைய இருக்குன்னு ஞாபகம் வந்துடும்" என்றார். அதனால் தம்பிதான்.

காரைக்குப் போகும் பாதையில் சட்டென்று பருத்திக் காடு முடிந்து, நிலம் கிழிந்துபோகிறது. மழை அரித்த களிமண் மேடுகள், அவற்றுக்கு நடுவே ஓடைகள், புல் கூட ஒழுங்காக முளைக்கவில்லை. மாசி வெயிலில் மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மின்னுகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் இது கடலடிச் சேறு. கடற்கரை மேற்கே, இன்றைக்குப் பழைய கரும்பாறைகள் தலைகாட்டும் பக்கம் இருந்திருக்கிறது. இப்போது கிழக்கே வங்கக் கடலுக்கு நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

குனிந்தால் போதும், ஏதாவது கிடைக்கிறது. துப்பாக்கிக் குண்டு போன்ற பழுப்புக் கற்களை நான் பொறுக்கிப் பொறுக்கிப் பையில் போட்டேன். அவை பெலம்நைட்டுகள், கணவாய் போன்ற ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டிப் பகுதி. அம்மோனைட்டும் அந்தக் கூட்டம்தான். பார்க்க நத்தை மாதிரி இருப்பதால் ஊரில் நத்தைக்கல் என்கிறார்கள், ஆனால் உள்ளே குடியிருந்தது கணவாயின் சொந்தக்காரர். ஓடு முழுக்க அறை அறையாகத் தடுத்திருக்கும். பிராணி கடைசி அறையில் மட்டும் இருக்கும். வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும். காலியான அறைகளை இணைத்து ஒரு மெல்லிய குழல் ஓடும். இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸுக்கு அந்தக் குழல் சுவரின் நடுவில் போகும். அம்மோனைட்டுக்கு வெளி விளிம்பை ஒட்டிப் போகும். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போனபோது இவையும் மொத்தமாகப் போய்விட்டன. நாட்டிலஸ் எப்படியோ தப்பிவிட்டது.

மதியம் ஒரு வேம்பின் அடியில் தம்பி என் பையைக் கேட்டார். கொட்டிக் காட்டினேன்.

"இதில் எது அந்த ஓடையில் எடுத்தது, எது மேட்டில் எடுத்தது?"

எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் குண்டுதானே.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "இனி இது வெறும் கல் அக்கா" என்று மட்டும் சொன்னார். ஓடைக்கும் மேட்டுக்கும் இடையில் பல லட்சம் ஆண்டுகள் இருக்கலாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விட்டால், கல்லின் பாதி உயிர் போனது போல. வவுச்சர் இல்லாத செலவை நான் கணக்கில் ஏற்ற மாட்டேன். அதே விஷயம்தான் இது. வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள்: கருடமங்கலம்

இன்று காரையை விட்டு அதற்கு மேலடுக்குப் பாறைகளுக்குப் போனோம். இங்கே மூன்று பெரிய அடுக்குத் தொகுதிகள்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். கீழிருந்து மேலே அந்த வரிசை. பிரித்துப் பெயர் வைத்தவரும் அதே பிளான்ஃபோர்டுதான். தமுலிக்கம் நடுத்தொகுதியில் கிடைப்பது, அதனால் கருடமங்கலம்.

இங்கே களிமண் குறைவு. மணற்கல்லும், சிப்பி அடைத்த சுண்ணாம்புக்கல்லும். ஒரு வரப்புக் கல்லை உற்றுப் பார்த்தால் அது கல்லே இல்லை, சிப்பிகளை அள்ளிக் கொட்டி ஒட்டியது. திருச்சி மார்பிள் என்று மெருகேற்றி விற்றதும் இந்த ஜாதிக் கல்லைத்தான்.

பத்து மணிக்கு ஒரு வரப்பில் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. இரண்டு ரூபாய் நாணயம் அளவில் ஒரு சில்லு. தட்டையாக, வழவழப்பாக, வெளி விளிம்பு குறுகலாக, ஆனால் கூர்மையாக இல்லாமல் சீவியது போல மட்டமாக. பிளாசென்டிசெராஸின் அடையாளமே அந்தச் சீவிய விளிம்புதான். நான் "தமுலிக்கம்!" என்று கத்தியது பக்கத்து வயலில் கேட்டிருக்கும்.

தம்பி வாங்கி, திருப்பி, லென்ஸில் பார்த்தார். "பேரினம் சரி, அதாவது பேரோட முதல் பாதி. பிளாசென்டிசெராஸ்னு எழுதலாம். அதுக்கு மேல எழுத இதில் ஒண்ணும் இல்லை."

"நடுத்தொகுதிப் பாறை, இந்த ஊர், வேறு எதுவாக இருக்க முடியும்?"

"நீங்க ஆசைப்படறீங்க. கல்லு சொல்லலை."

சுருளின் நடுப்பள்ளமான தொப்புள் இல்லை, ஓட்டின் மேல் முடிச்சுகள் இருந்தனவா தெரியாது, எந்த வயதின் ஓடு என்று தெரியாது. சரி. படம் எடுத்துக்கொண்டு அதை வரப்பிலேயே வைத்தேன். வைக்க மனசு வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

வெயில் ஏறியதும் தண்ணீர் கேட்டு ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனோம். திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தண்ணீரோடு கம்பங்கூழும் வந்தது. பானைக்குத் தட்டு மூடி, மூடிக்கு மேலே பாரத்துக்கு ஒரு கல். பூனைக்குத் தடை.

தம்பிதான் முதலில் பார்த்தார். கூழ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளங்கையை நிறைக்கும் அளவில் ஒரு சுருள். ஒரு பக்கம் எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்துப் பளபளத்தது. மறுபக்கம் மஞ்சள் மணற்கல் ஒட்டியிருந்தது. வரி வரியாக, சீப்பால் இழுத்தது போல.

"ஏது பாட்டி இது?"

"எம்மவன் கெணறு வெட்டயில கெடச்சுது. அஞ்சாறு ஆளு ஆழத்துல. பெருமாள் சக்கரம்டி தாயி, சாளக்கிராமம்னு பூசாரி சொன்னாரு. பூசைக்கு வச்சா நியமம் பாக்கணும்னு பயந்து பானை மேல வச்சுட்டேன்."

சாளக்கிராமமும் அம்மோனைட்தான். ஆனால் அது நேபாளத்தில் கண்டகி ஆற்றில் வரும் கறுப்புக் கல், முக்திநாத் பக்கம். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் பிள்ளை, இதைவிடப் பழையது. இதைப் பாட்டியிடம் சொன்னேன். "கடலு வேறன்னா சாமியும் வேறயா?" என்று கேட்டார். கருடன் பெயர் வைத்த ஊரில் சக்கரம் கிடைத்தால் அவர் அப்படித்தான் நினைப்பார். நான் மேலே வாதாடவில்லை.

எனக்குக் கிணறுதான் முக்கியமாகப் பட்டது. நேற்று பட்ட அடி. எந்த வயல், எந்த வருஷம், எத்தனை அடி, மேலே என்ன மண், கல் எந்த நிறத்தில் வந்தது என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன். மகனுக்குப் போன் போட்டுப் பேசினோம். முப்பது அடி இருக்கும் என்றார். கிணற்றோரம் குவிந்திருந்த பழைய மண்ணில் அதே மஞ்சள் மணற்கல் கிடந்தது. தம்பி எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

கல்லை இரண்டு மூன்று நாளைக்குக் கடன் கேட்டோம். "கொண்டாந்துடணும். பூனை வரும்" என்றார். பாரத்துக்கு என் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை நிறைத்து வைத்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள்: பெரம்பலூர், லாட்ஜ் அறை

இன்று எங்கும் போகவில்லை. பயணக் கட்டுரையில் லாட்ஜ் அறையைப் பற்றி எழுதுவது அநியாயம்தான், ஆனால் இந்த ஐந்து நாளில் நான் அதிக தூரம் போனது இன்றைக்குத்தான்.

நான் நினைத்திருந்தது: படம் போட்ட புத்தகத்தைத் திறப்போம், பக்கம் பக்கமாகப் புரட்டுவோம், ஒத்த படம் வந்ததும் பெயரை எழுதுவோம். தம்பி புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. "முதல்ல பேர் தெரியாத மாதிரி விவரிங்க. பேர் தெரிஞ்சுட்டா கண்ணு பொய் சொல்லும்."

ஆகவே விவரித்தேன். வெர்னியரில் அளந்தது இது: குறுக்களவு 63 மில்லிமீட்டர். கடைசிச் சுற்றின் உயரம் 24, அகலம் 22. தொப்புள் 22. நடுவில் உள்சுற்றுகள் தெரியும் பள்ளத்தைத்தான் தொப்புள் என்கிறார்கள். ஒன்றையொன்று எவ்வளவு மூடிச் சுருண்டிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். 22-ஐ 63-ஆல் வகுத்தால் 35 சதவீதம். இதுதான் எனக்கு வேண்டியது! வெறும் மில்லிமீட்டரை வைத்துக் குட்டியையும் பெரியதையும் ஒப்பிட முடியாது, சதவீதத்தை வைத்து முடியும். லாப சதவீதம் போடுகிற கை, சட்டென்று பழகிவிட்டது. 35 என்றால் உள்சுற்றுகள் தாராளமாகத் தெரியும் திறந்த சுருள். என் தமுலிக்கம் கனவு அந்த ஒரு வகுத்தலிலேயே செத்தது. பிளாசென்டிசெராஸ் தொப்புளை இறுக்கி மூடிக்கொள்ளும் தட்டையான வில்லை. இது அதற்கு ஒன்றுவிட்ட உறவு கூட இல்லை.

அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.92. அதாவது சுற்றின் வெட்டுமுகம் ஏறக்குறைய வட்டம், கொஞ்சம் நெட்டை. வெளி விளிம்பு உருண்டை. நடுவில் முகடு இல்லை, மட்டமும் இல்லை.

பிறகு வரிகள். வெளி விளிம்பில் அரைச் சுற்றுக்கு எத்தனை என்று எண்ணச் சொன்னார். 41. மறுபடி எண்ணினேன், 43. தலையில் அடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கட்டியால் ஐந்துக்கு ஒரு புள்ளி வைத்து எண்ணினேன், 42. வரிகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு பள்ளம். மாவுருண்டையில் நூல் கட்டி இறுக்கியது போல. அரைச் சுற்றுக்கு மூன்று. ஓட்டின் வாய் சிறிது காலம் வளராமல் நின்ற இடங்கள் இவை என்கிறார்கள். இந்த இறுக்கங்கள் வரிகளுக்கு இணையாகப் போகவில்லை. முன்பக்கம் சாய்ந்து, சில வரிகளைப் பாதியில் வெட்டிக்கொண்டு போகின்றன. முதலில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, போன் டார்ச்சை இடது மேல் பக்கத்திலிருந்து தாழ்வாகப் பிடித்தார். கல் திடீரென்று எழுந்து உட்கார்ந்தது. தொல்லுயிர்ப் படங்களில் வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான் வரவேண்டுமாம். எல்லோரும் ஒரே மாதிரி எடுத்தால்தான் மேடு பள்ளம் குழம்பாது.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஒன்று செய்வார்கள். நவச்சாரத்தைச் சூடாக்கி அந்தப் புகையைக் கல்மேல் படியவிட்டால், கறையும் நிறமும் மறைந்து, ஒரே வெள்ளையில் வடிவம் மட்டும் நிற்கும். லாட்ஜ்காரர் துரத்திவிடுவார் என்று செய்யவில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை: எகிப்தியரின் அமோன் கடவுளுக்கு ஆட்டுக்கடாக் கொம்பு, அந்தக் கொம்பைப் போன்ற கல்லுக்கு அம்மோனைட் என்று பெயர். அமோன் கோயில் பக்கத்தில் கிடைத்த உப்பு என்று நவச்சாரத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயரில் இருந்துதான் அம்மோனியாவும் வந்தது. அமோன் பெயரால் வந்த உப்பை அமோன் பெயரால் வந்த கல்லுக்குப் பவுடர் பூசுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் புத்தகம் திறந்தது. திறந்த உருண்டைச் சுருள், நெருங்கிய வரிகள், இறுக்கங்கள். நான் அடித்துச் சொன்னேன்: புசோசியா. இறுக்கங்களுக்குப் பேர்போன பேரினம், இந்தப் பகுதியிலேயே கிடைப்பது. படமும் கிட்டத்தட்ட ஒத்திருந்தது.

"தொப்புள் விளிம்பைப் பார்த்தீங்களா?" என்றார் தம்பி.

எங்கே பார்க்க? தொப்புள் முழுக்க மணற்கல். அப்படியானால் எடுக்க வேண்டும். தம்பி இரண்டு கோணி ஊசிகளையும் ஒரு பழைய பல்துலக்கியையும் கொடுத்தார். எலுமிச்சம் சாறு விட்டால் சீக்கிரம் கரையாதா என்று கேட்டேன். ஓடும் சுண்ணாம்பு, ஒட்டியிருப்பதும் சுண்ணாம்பு. அமிலம் இரண்டையும்தான் தின்னும் என்றார். ஊசிதான்.

அடுத்த இரண்டரை மணி நேரம் நான் யாருடனும் பேசவில்லை. தண்ணீர் ஒரு சொட்டு, ஊசி முனை ஓட்டின் மேல் படாமல் மணலில் மட்டும் சாய்வாக, ஒரு கீறல், ஒரு துலக்கல், ஒரு ஊதல். மணல் ஒவ்வொன்றாக விடுவதில்லை. நெடுநேரம் எதுவும் நடக்காது. அப்புறம் ஒரு மிளகு அளவு துண்டு ஒரேயடியாகப் பெயர்ந்து வரும். பெயரும்போது கையில் ஒரு சின்ன 'டக்' தெரியும். முதல் டக்குக்குக் கீழே ஓடு இல்லை, இன்னும் மணல். மூன்றாவது டக்குக்குக் கீழே வழவழப்பான பழுப்பில் ஒரு புள்ளி எழுந்து நின்றது. கடுகு அளவு. தூசி என்று நினைத்துத் துலக்கினேன். போகவில்லை. அதன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டினேன், இன்னொன்று. சாயங்காலத்துக்குள் தொப்புள் விளிம்பைச் சுற்றி வரிசையாக, கோலத்துக்குப் புள்ளி வைத்தது போல, முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் இரண்டு, சில இடத்தில் மூன்று வரிகள் கிளம்பி விசிறி போல வெளியே போயின.

புசோசியாவுக்கு இந்த முடிச்சுகள் கிடையாது. அதன் வரிகள் தொப்புளிலிருந்து கட்டுக்கட்டாகப் புறப்படவும் செய்யாது, வெளிப்பக்கம்தான் அழுத்தமாகத் தெரியும். நான் அடித்துச் சொன்ன பெயர் கோணி ஊசி முனையில் உடைந்தது.

தொப்புள் முடிச்சு, அதிலிருந்து பிரியும் நெருக்கமான வரிகள், வரிகளை வெட்டும் சாய்ந்த இறுக்கம், மூன்றும் சேர்ந்தால்? "காஸ்மாட்டிசெராஸ்" என்றார் தம்பி. அவருக்குத் திண்ணையிலேயே தெரிந்திருக்கிறது. பாவி, என்னை நாள் முழுக்க விட்டுவைத்திருக்கிறார்.

நான்காம் நாள்: வாரணவாசி

காலையில் அரியலூர் பேருந்து. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வாரணவாசி தொல்லுயிர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தோம். நேற்றைய ஊசி வேலைக்குப் பிறகு கண் மாறிவிட்டது. முன்பெல்லாம் சுருள், சுருள், சுருள் என்று கடந்துபோயிருப்பேன். இன்றைக்குத் தொப்புளைத் தேடி, விளிம்பைத் தேடி ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்றேன். காவலர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மற்றபடி இன்று முழுக்க பெயர்க் கதைதான். பேருந்தில் தம்பி சொன்னவற்றை எழுதி வைக்கிறேன்.

1840 வாக்கில் கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். அந்த மனிதருக்குப் பெயருக்குப் பஞ்சமே இல்லை, இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்: அம்மோனைட்டஸ் இந்திரா, சூர்யா, கணேசா, பிரம்மா, விஷ்ணு. பிற்பாடு பிரம்மாவைத் தனிப் பேரினமாக்கி பிரம்மைட்டஸ் என்றார்கள். விஷ்ணுவையும் அதற்குள் சேர்த்தார்கள். புராணத்தில் விஷ்ணுவின் உந்தியில் பிரம்மா. இங்கே பிரம்மாவின் வீட்டில் விஷ்ணு குடித்தனம். போதாக்குறைக்கு நம் பானைச் சுருளும் அதே குடும்பமாம். பாட்டி சொன்ன பெருமாள் சக்கரம் முழுத் தப்பும் இல்லை என்று தோன்றியது, இதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அடுத்தவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. மொராவியாக்காரர். 1862-இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தபோது வயது 24. பிளான்ஃபோர்டு குழுவினர் இங்கே சேகரித்த அம்மோனைட்டுகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்து, அச்சுக்கல்லில் படம் தீட்டவைத்து வெளியிட்டார். நம் சுருளுக்கு ஒத்துவரும் இனமான அம்மோனைட்டஸ் தியோபால்டியானஸ் அவர் 1865-இல் வைத்த பெயர். 1874-இல் யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். 36 வயது. லேயில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

1890-களில் வியன்னாவில் ஃப்ரான்ஸ் காஸ்மாட் தென்னிந்தியச் சுருள்களை மறுபடி பிரித்து மேய்ந்தார். 1901-இல் குரோசூவர் என்ற பிரெஞ்சுக்காரர் அவர் பெயரிலேயே காஸ்மாட்டிசெராஸ் என்று பேரினம் அமைத்தார். அதற்கு மாதிரி இனமாக எடுத்தது ஸ்டோலிச்காவின் தியோபால்டியானஸை. செராஸ் என்றால் கிரேக்கத்தில் கொம்பு, அது அந்த மொழியில் அஃறிணை போன்ற ஒரு பால். அதனால் 'அனஸ்' போய் 'அனம்' ஆயிற்று: காஸ்மாட்டிசெராஸ் தியோபால்டியானம் (ஸ்டோலிச்கா, 1865). அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. பெயர் வைத்தவர் அப்போது வேறு பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்பதற்கு அடையாளம். தமுலிகஸ் தமுலிக்கம் ஆனதும் இப்படித்தான். இலக்கண வகுப்பில் கூட எனக்கு இவ்வளவு சுவாரசியம் வந்ததில்லை.

ராத்திரி ஒரு வேலை மிச்சம் இருந்தது. பேரினம் சரி, இனம் எது? காஸ்மாட் இந்தப் பக்கத்துப் பாறைகளிலிருந்து இன்னும் சிலவற்றை விவரித்திருக்கிறார். ஒன்றுக்குக் காரப்பாடி ஊரின் பெயர், ஒன்றுக்கு வரி குறைந்தது என்று பொருள்படும் ஸ்பார்சிகாஸ்டாட்டம். என் 42 வரியை வைத்து வரி குறைந்ததை ஒதுக்கிவிடலாம். காரப்பாடியையும் தம்பி முடிச்சையும் வரியையும் வைத்து ஒதுக்கினார். மிஞ்சுவது தியோபால்டியானம். வயதும் பொருந்துகிறது, கோனியாசியன் காலம், ஒன்பது கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு.

"அப்படின்னா எழுதிடலாமா?"

தம்பி கல்லை நனைத்தார். ஓடு உரிந்துபோன இடத்தில், ஈரம் பட்டதும், இலை நரம்பு போல, கறையான் அரித்த ஓலை போல நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தன. அறைச் சுவர் ஓட்டோடு ஒட்டிய தையல் கோடுகள். பழைய காலத்து உறவுகளுக்கு இவை சாதாரண வளைவு. அம்மோனைட்டுக்கு இப்படி மடித்து மடித்துப் பின்னல் வேலையாக இருக்கும். நகைப்பட்டறையில் கூட இந்த நுணுக்கம் பார்த்ததில்லை. அவர் பென்சிலால் அதை நகலெடுத்துக்கொண்டே போனார். கடைசி முனை வரைக்கும் கோடு இருந்தது.

"பாருங்க, விளிம்பு வரைக்கும் சுவர் இருக்கு. பிராணி குடியிருந்த அறையே இதில் இல்லை. உடைஞ்சு போச்சு. அரைச் சுற்றாவது இன்னும் இருந்திருக்கும். கடைசிச் சுவர்கள் நெருக்கமா வந்திருந்தா வளர்ந்து முடிஞ்சதுன்னு சொல்லலாம், அதுவும் இல்லை. இது ஒரு பெரிய ஓட்டோட உள்பக்கம்."

பெரிதானதும் வரியும் முடிச்சும் மாறிப்போகிற இனங்கள் நிறைய. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு அளவில் இருந்ததை 1960-களின் தொடக்கத்தில்தான் மகோவ்ஸ்கி, காலமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன் எத்தனையோ தம்பதிகளுக்கு இரண்டு இனப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அதனால் ஆய்வாளர்கள் இப்படி இடத்தில் பெயருக்கு நடுவே சி.எஃப். என்று இரண்டெழுத்து போடுவார்கள். லத்தீனில் 'ஒப்பிட்டுப் பார்' என்று பொருள். இதுவாக இருக்கலாம், சத்தியம் செய்ய மாட்டேன் என்று அர்த்தம்.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. நான்கு நாள் வெயில், கோணி ஊசி, முதுகு வலி, கடைசியில் 'ஒப்பிட்டுப் பார்'. ஆனால் தணிக்கையில் சந்தேகக் கணக்கு என்று தனியே ஒரு தலைப்பு வைத்து எழுதுவோமே. அதை மறைத்து லாபத்தில் சேர்ப்பவனை நான் மதித்ததில்லை.

ஐந்தாம் நாள்: சாத்தனூர், மறுபடி கருடமங்கலம்

போகும் வழியில் சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகி ஓடைப் பக்கம் படுத்திருக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைப் பதிவு செய்தார். சுற்றிலும் கடல் படிவு, நடுவில் மரம். கரையோரக் காட்டிலிருந்து ஆறு அடித்து வந்து கடலில் தள்ளியிருக்கிறது. ஆட்டுக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். சாதாரண நாளாக இருந்தால் அரை நாள் நின்றிருப்பேன், இன்றைக்குப் பானை நினைப்பு.

சீட்டு எழுதுவது என் பொறுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். கல்லுக்கு அச்சும் படமும் எடுத்தாகிவிட்டது. அவற்றோடு போகும் சீட்டில் இப்படி எழுதினேன்:

காஸ்மாட்டிசெராஸ் சி.எஃப். தியோபால்டியானம் (ஸ்டோலிச்கா, 1865). குறுக்களவு 63 மி.மீ. முழுவதும் அறைப்பகுதி, வாழ்ந்த அறை இல்லை. கருடமங்கலம், வயல் கிணறு, சுமார் 30 அடி, மஞ்சள் மணற்கல். கிணறு வெட்டியவர் சொன்னபடி.

கடைசி வரியைத் தம்பி இரண்டு முறை படித்தார். மாற்றச் சொல்லவில்லை.

பாட்டி திண்ணையில் அதே இடத்தில், இன்றைக்குப் புளி. என் பாட்டில் பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது.

"ஒம் பாட்டிலு வெயிட்டு பத்தல. பூனை உருட்டிட்டுது. ஒரு பானை கூழு போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கல்லைத்தான் பார்த்தார். சுத்தம் செய்த பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார், நான் எண்ணியது போலவே.

"இவ்வளவு நாளா இது உள்ளாற இருந்துச்சா? பேரு என்னான்னு கண்டுபுடிச்சீங்களா?"

"காஸ்மாட்டிசெராஸ், பாட்டி."

"காசு மாட்டியா?" என்று சிரித்தார். "எங்கிட்ட எங்க காசு மாட்டுச்சு! இருவது வருசமா பூனை கூட மாட்டல."

தொப்புள் பக்கம் கீழே போனால் முடிச்சு தேய்ந்துவிடும், மேலே பார்க்க வைக்க முடியுமா என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். பாட்டி மூடியைத் துடைத்துவிட்டு, கல்லை அவர் சொன்னபடியே வைத்தார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, ஆடாமல் இருக்க அதன் கீழே ஒரு துணியை மடித்துச் செருகினார்.